பாக்கியரத்தினத்துக்குக் கேட்டது

பாக்கியரத்தினத்தைச் செவிடன் என்று சொன்ன ஆட்களோடு நான் வருடக்கணக்காக வாய்த்தர்க்கப்பட்டிருக்கிறேன், என் மனைவி உட்பட. செவிடன் என்றால் ஒன்றும் கேட்காதவன். பாக்கியரத்தினத்துக்குக் கேட்டது. எது கேட்டது, எது கேட்கவில்லை என்பதில்தான் அந்த மனுசனின் சீவியம் முழுவதும் கிடந்தது. அதை விளங்கிக்கொள்ளாமல் அவரைப் பற்றிக் கதைப்பது வீண் கதை.

என் பெயர் சோமசேகரம். திருகோணமலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையின் முதல் வீடு என்னுடையது. அடுத்தது கனகம்மா வீடு, அதற்கடுத்தது பாக்கியரத்தினம் வீடு. கனகம்மா வளவுக்கும் அவர் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அதில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய பொட்டு ஒன்று இருந்தது. கறிவேப்பிலையும் அடுப்பு நெருப்பும் ஊர்ப்புதினமும் அதற்குள்ளால் போய்வரும்.

பாக்கியரத்தினம் செய்தது கறள் தட்டும் வேலை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் இரும்புத் தகட்டை உப்புக்காற்று தின்றுவிடும். அந்தக் கறளைச் சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்த்தால்தான் புதுப் பெயின்ற் ஒட்டும். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் இளந்தாரியாக அந்த வேலைக்குப் போனவர். பிறகு வெள்ளைக்காரன் தன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனான், கப்பல்களும் குறைந்தன. வேலைக்கு ஆள் பிடிக்கும் கொந்தராத்துக்காரர் ஒருவர் இவர்களைச் சீனக்குடாப் பக்கத்துக் காட்டுக்குள் இருந்த எண்ணெய்த் தாங்கிகளுக்குள் இறக்கினார். ஒவ்வொரு தாங்கியும் ஒரு கோயில் மண்டபம் அளவு பெரிது. சுற்றிவர இரும்பு, மேலே இரும்பு, உள்ளே போய்வர ஒரு சின்ன வாசல். அதற்குள் ஒரு கூட்டம் ஆட்கள் நின்று காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் சுத்தியலால் தட்டினால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழந்துணியைக் கிழித்துக் காதில் அடைத்துக்கொள்வார்கள், வேறு காபந்து இல்லை. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகும் தாங்கி தலைக்குள் நிற்கிறது என்பார்.

முதலில் நுளம்பு போனது.

"இப்ப ஒழுங்கையிலை நுளம்பு குறைவு என்ன, மாஸ்டர்?" என்று ஒரு பொழுதுபட்ட நேரம் என்னிடம் கேட்டார். என் இரண்டு கைகளும் நுளம்பு கடித்துத் தடித்துப்போய் இருந்தன. பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு சைக்கிள் மணி போனது. பின்னால் பெல் அடித்துக்கொண்டு வந்தவன் இவர் மேல் மோதிவிட்டு இவரையே ஏசினான். பூசையில் ஐயர் கையில் ஆட்டும் மணி போனது. கடைசியில் அவருடைய மனைவி புஸ்பராணியின் குரல் போனது. புஸ்பராணிக்கு மெல்லிய, உயர்ந்த குரல். கோயிலில் அவள் தேவாரம் பாடினால் முன்னால் நிற்கிற ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் பாக்கியரத்தினம் அவளைக் கேட்டுக் கட்டினார் என்று ஒரு கதையும் உண்டு. அந்தக் குரலே அவருக்கு இல்லாமல் போனது. வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. புருசன்மாருக்குப் பெண்சாதி சொல்வது கேட்காமல் போவது இந்த ஊரில் புதினமில்லை. பாக்கியரத்தினத்துக்கு மட்டும் அதற்கு நியாயமான காரணம் இருந்தது.

வகுப்பில் நான் மீடிறன் என்று படிப்பித்தது இதைத்தான். ஒரு பொருள் ஒரு செக்கனில் எத்தனை தரம் அதிர்கிறதோ அது அதன் மீடிறன். நுளம்பின் செட்டை கடுகதியில் அடிக்கும், சத்தம் கீச்சென்று உயர்ந்து வரும். கப்பலின் ஊதுகுழல் ஆறுதலாக அதிரும், சத்தம் தடித்துத் தாழ்ந்து வரும். இரும்புக்குள் நின்று வேலை செய்கிற ஆட்களுக்கு உயர்ந்த சத்தங்கள் முதலில் சாகும். தாழ்ந்தவை நிற்கும். பாக்கியரத்தினத்துக்குக் கப்பல் கேட்டது, லொறி கேட்டது, கோணேசர் மலையடியில் கடல் அடிப்பது கேட்டது. ஆட்கள் கதைக்கிறார்கள் என்பதும் கேட்டது. என்ன கதைக்கிறார்கள் என்பதுதான் கேட்கவில்லை. நாங்களோ அவருக்கு முன்னால் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். கத்தக் கத்தக் குரல் இன்னும் உயர்ந்துதானே போகும். அது அவருக்கு எந்த மூலைக்குக் காணும்?

எனக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. என் குரல் தடித்தது. பிள்ளைகள் எனக்குக் கப்பல் என்று பட்டம் வைத்திருந்தார்கள். முன்பு அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பாக்கியரத்தினம் பின்னேரங்களில் படலையைத் திறந்துகொண்டு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, "கதையுங்கோ மாஸ்டர், உங்கடை கதை கேக்குது" என்று சொல்லத் தொடங்கிய பிறகு கோபம் போய்விட்டது.

தாங்கிக்குள் வேலை செய்கிற ஆட்களுக்கு ஒரு முறை இருந்தது. வெளியில் ஒரு காவல் ஆள் நிற்பார். உள்ளே வெக்கை கூடினாலோ எண்ணெய்ப் புகை தலையைச் சுற்ற வைத்தாலோ அவர் வாசலில் நின்று கூப்பிட்டுப் பிரயோசனமில்லை, ஒருவருக்கும் கேட்காது. அதனால் பெரிய மரக் கொட்டன் ஒன்றால் தாங்கியின் வெளிச்சுவரில் ஓங்கி அடிப்பார். அந்தச் சத்தம் காதால் வருவதில்லை, காலால் ஏறி நெஞ்சில் நிற்கும் என்று பாக்கியரத்தினம் சொல்வார். காவல் நின்றவர் கிண்ணியாவைச் சேர்ந்த முனாப். பாக்கியரத்தினத்தை விட இளையவர், ஆனால் கொட்டன் கையில் இருந்தால் எல்லாருக்கும் அவர்தான் பெரியவர்.

"தட்டு விழுந்தா ஏன் எதுக்கெண்டு கேக்கப்படா. கையில உள்ளதப் போட்டுட்டு வெளிய வந்திரணும். வந்த பொறவு என்னய ஏசுங்க" என்று புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முனாப் சொல்வாராம். அந்த முறையால் தப்பிய உயிர்கள் பல. தட்டுக் கேட்டால் போவது என்பது பாக்கியரத்தினத்தின் உடம்பில் ஊறிய பழக்கமாகிவிட்டது.

புஸ்பராணிக்குத் தொய்வு வருத்தம். மாரி தொடங்கினால் மூச்சு இழுக்கத் தொடங்கும். இழுக்கும்போது அவளால் ஆரையும் கூப்பிடவும் ஏலாது, கூப்பிட்டாலும் அவருக்குக் கேளாது. ஒரே மகள் யோகமலர் வீட்டில் இருந்தவரை ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். யோகமலரைப் புல்மோட்டையில் மணல் ஆலையில் சாரதியாக இருந்த பொடியனுக்குக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான். அப்போதுதான் பாக்கியரத்தினம் ஒரு வெறும் எண்ணெய்ப் பரலை, பெரிய தகரப் பீப்பாயை, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். குசினிக் கதவுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்து, முனாப்பின் கொட்டனைப் போல ஒன்று செய்து அதன் மேல் வைத்தார்.

நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். புஸ்பராணி வெட்கப்பட்டுக்கொண்டு மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். அவர் முன்வளவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர், உடனே திரும்பி ஓடி வந்தார்.

"கேட்டதோ?" என்றாள், வாயை அகலத் திறந்து.

"நீ தட்டு, நான் வருவன். எங்கை நிண்டாலும் வருவன்" என்றார் அவர். எனக்கு அது பெரிய விசயமாகப் பட்டது. காது கேட்கிற எத்தனை ஆம்பிளையள் அப்படிச் சொல்லுவினம்?

தாழ்ந்த சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. மூலை முடக்கெல்லாம் வளைந்து போகும், வேலியும் சுவரும் அதற்குப் பொருட்டில்லை. திருவிழாவில் சாமி இரண்டு தெரு தள்ளி வரும்போதே எங்களுக்கு முதலில் கேட்பது தவிலின் தொம் தொம். நாதஸ்வரம் கிட்ட வந்த பிறகுதான் கேட்கும். அப்படித்தான் பரல் சத்தமும் வீட்டைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் குணத்துக்குப் பின்பக்கம் ஒன்றும் இருக்கிறது. எல்லாப் பக்கத்தாலும் வருகிற சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்வது கஷ்டம்.

சாப்பாடு ஆறுகிறது என்றாலும் தட்டுவாள், ஆள் வந்திருக்கிறது என்றாலும் தட்டுவாள், தொய்வு இழுத்தாலும் தட்டுவாள். எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டமாக வந்தார். தொய்வு இழுத்த நேரங்களில் அவர் வந்து அவளை நிமிர்த்தி இருத்தி, நெஞ்சைத் தடவி, கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியது ஒரு தரம் இரண்டு தரமல்ல. ஒழுங்கைக்கும் அந்தத் தட்டு பழகிப்போனது. பரல் கேட்டால், "புஸ்பராணி மனுசனைக் கூப்பிடுறா" என்று சொல்லிவிட்டு நாங்கள் எங்கள் பாட்டைப் பார்ப்போம்.

எழுபத்தோராம் ஆண்டு தை மாதம் கனகம்மாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தார்கள். பலகாரத்துக்கு மா இடிக்க வேண்டும். வழமையாக ஒழுங்கையில் மா இடிப்பது விடியப்புறத்தில், பாக்கியரத்தினம் எழும்புவதற்கு முன்பே முடிந்துவிடும். கலியாண வேலை என்றால் அப்படி முடியுமா? இரண்டு உரல் போட்டு, சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, வெயில் ஏறியும் இடித்துக்கொண்டிருந்தார்கள். மா அரித்துத் தர வருவதாகச் சொன்ன புஸ்பராணி, நெஞ்சு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, பிறகு வருகிறேன் என்று காலையிலேயே வேலிப் பொட்டுக்குள்ளால் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அன்றைக்குப் பாக்கியரத்தினத்துக்கு வேலை இல்லை. வீட்டு முன்பக்கத்தில் நின்று படலைக்குப் புதுக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

குசினிக்குள் புஸ்பராணிக்கு இழுப்பு வந்தது. அவள் பரலில் தட்டினாள்.

பரல் தட்டினால் இரண்டு சத்தம் சேர்ந்து வரும். தகரத்தின் சிலீர் என்ற சத்தம் ஒன்று, வயிற்றுக்குள்ளிருந்து வரும் தொம் என்ற சத்தம் ஒன்று. காது நல்ல ஆட்கள் சிலீரை வைத்து இது பரல், இது உலக்கை என்று பிரித்துவிடுவார்கள். கனகம்மா வளவில் நின்ற பெண்களுக்கும் அது கேட்டது. இடித்த இடிப்புக்கு நடுவிலும் கேட்டது. கனகம்மாவின் தங்கை நல்லம்மா, "அங்கை புஸ்பராணி தட்டுறா. மனுசனுக்குத் தேத்தண்ணி ஊத்திப்போட்டா போலை" என்றாள். மனுசன் படலையடியில் நிற்பதை எல்லாரும் கண்டிருந்தார்கள். தட்டினால் அவர் போவார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆரோ ஒருத்தி, "எங்கடை அவருக்கும் ஒரு பரல் வாங்கோணும்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

படலையடியில் நின்ற பாக்கியரத்தினத்துக்குத் தொம் மட்டும் போய்ச் சேர்ந்தது. காலையிலிருந்து அவருக்குத் தொம் தொம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. கனகம்மா வீட்டில் இடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கம்பை இறுக்கிக் கட்டினார்.

அவர்களுக்கு அது அவருக்கான தட்டு. அவருக்கு அது அவர்களின் உலக்கை. நடுவில் புஸ்பராணி தட்டிக்கொண்டே இருந்தாள்.

தண்ணி விடாய்த்து அவர் குசினிப் பக்கம் போனபோது அவள் பரலோடு சாய்ந்து இருந்தாள். கொட்டன் மடியில் கிடந்தது. அவர் போட்ட சத்தம்தான் எங்கள் ஒழுங்கை முழுவதும் கேட்டது. கனகம்மா வளவில் உலக்கைகள் அப்போதுதான் நின்றன.

நான் பாடசாலையிலிருந்து ஓடி வந்தபோது மரண விசாரணை அதிகாரி வந்து முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். நல்ல மனுசர். எங்களிடம் எல்லாம் விசாரித்துவிட்டுப் பாக்கியரத்தினத்தைக் கிட்டக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று அவர் கேட்பதை என் தடித்த குரலில் திருப்பிச் சொன்னேன்.

"உங்களுக்குக் காது கேக்காது. அதாலை அவ தட்டினது கேக்கேல்லை. அப்பிடித்தானே?"

அது கேள்வியில்லை. இரக்கத்தில் நீட்டிய கை. ஓம் என்று தலையாட்டினால் முடிந்தது. சுற்றி நின்ற எல்லாரும் அவருக்காகத் தலையாட்டினார்கள். "ஓம் ஐயா, அவருக்குக் கேக்காது ஐயா" என்று நல்லம்மா அழுதுகொண்டு சொன்னாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"கேட்டது, ஐயா" என்றார் பாக்கியரத்தினம்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் திரும்பவும் கேட்டேன்.

"எனக்குக் கேட்டது. நான் போகேல்லை" என்றார். "மா இடிக்கினம் எண்டு நினைச்சன்."

பெண்களுக்கு நடுவிலிருந்து கனகம்மா முன்னுக்கு வந்தாள். "எங்களுக்கும் கேட்டது, ஐயா. அவரைத்தான் கூப்பிடுறா எண்டு இருந்திட்டம்" என்றாள்.

நோயினால் வந்த சாவு என்று முடிவு சொல்லிவிட்டு அதிகாரி எழும்பிப் போனார். கனகம்மாவின் மகள் கலியாணம் இரண்டு மாதம் தள்ளி மேளம் இல்லாமல் கோயிலில் நடந்தது. இடித்த மாவை ஆரும் தொடவில்லை, புழுப்பிடித்த பிறகு கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

அதன் பிறகு பாக்கியரத்தினத்தைப் பார்க்கச் சகிக்காது. எங்கே எந்தத் தொம் கேட்டாலும் எழும்பிவிடுவார். லொறியில் மூட்டை இறக்கினால் எழும்புவார். ஆர் வீட்டிலாவது கதவு அடித்துச் சாத்தினால் எழும்புவார். திருவிழாவில் எங்களோடு நின்றவர் தவில் தொடங்கியதும் சனத்தை இடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஓடிப்போய்க் குசினிக் கதவடியில் நின்று பரலைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்புவார். அவ்வளவுதான். யோகமலர் புல்மோட்டையிலிருந்து வந்து அந்தப் பரலை எறியச் சொல்லி எவ்வளவோ அழுதாள். "கிடக்கட்டும்" என்றார். தன்னோடு வந்து இருக்கச் சொன்னதற்கும் அசையவில்லை.

ஒருநாள் முனாப் கிண்ணியாவிலிருந்து தோணியேறி அவரைப் பார்க்க வந்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், முந்தி நான் தட்டினா இவரு வாசலுக்கு வருவாரு. இப்பவும் வாறாரு, ஆனா வாசல்ல நிக்கல்ல. வீட்டுப் பக்கம் ஓடப் பாக்காரு. நான்தான் புடிச்சி வெக்கிறன். எனக்கு அந்தக் கொட்டனத் தூக்கவே பயமா இரிக்கி."

கனகம்மா வீட்டு உலக்கைச் சத்தத்துக்குத்தான் அவர் அதிகம் ஓடினார். அவள் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு போடு போட, அந்தப் பக்கம் அவர் பதறி எழும்புவது கிடுகு ஓட்டைக்குள்ளால் தெரியும். எத்தனை நாளைக்கு ஒரு பெண் இதைப் பார்த்துக்கொண்டு இடிப்பாள்? கனகம்மா இடிப்பதை நிறுத்தினாள். பெரிய றோட்டுப் பக்கத்தில் இருந்த நல்லம்மா வீட்டுக்கு உரலைக் கொண்டுபோனாள். அவளைப் பார்த்து ஒழுங்கையில் மற்றவர்களும் நிறுத்தினார்கள். அது கடையில் கோதுமை மா கிடையாத காலம். பாணுக்கு விடியமுன்னம் வரிசையில் நிற்க வேண்டும். குரக்கனையும் அரிசியையும் இடித்தால்தான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. என் மனைவியும் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நல்லம்மா வீட்டுக்கு நடந்தாள், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல். கோபக்காரன் என்று பெயரெடுத்த நான்கூட இதற்காக இந்த ஒழுங்கையைக் கும்பிடுவேன்.

ஆனால் நாங்கள் செய்தது அவருக்கு என்ன செய்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு மாரிப் பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், வழக்கம்போலக் கீழேதான் குந்தினார். முகம் காய்ந்துபோய் இருந்தது.

"மாஸ்டர், அதுவும் போட்டுது" என்றார்.

"எது?"

"உலக்கைச் சத்தம். கப்பல் கேக்குது. லொறி கேக்குது. உங்கடை கதை கேக்குது. உலக்கை மட்டும் கேக்கேல்லை. முதலிலை நுளம்பு போனது, பிறகு மணி போனது, அவவின்ரை குரல் போனது. இப்ப இது. ஒவ்வொண்டாத்தானே போறது." தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "இதுவும் போனா, அவ தட்டினாலும் எனக்குத் தெரியாது."

செத்தவள் எப்படியப்பா தட்டுவாள் என்று நான் கேட்கவில்லை. அவர் நின்ற இடத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆனால் பொய் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. காது போய்விட்டது என்று அவர் நம்பினால் ஓடமாட்டார், நிம்மதியாக இருப்பார் என்று என் மனைவி உள்ளே நின்று கைச்சாடை காட்டினாள். இருக்கலாம். எனக்கு அந்த நிம்மதி களவெடுத்த சாமான் போலப் பட்டது.

"உம்முடைய காது போகேல்லை, பாக்கியரத்தினம்" என்றேன். "ஒழுங்கையிலை இப்ப ஒருத்தரும் இடிக்கிறேல்லை. கனகம்மா நிப்பாட்டிப்போட்டா. எல்லாரும் நிப்பாட்டிப்போட்டினம்."

"ஏன்?"

"நீர் ஓடுறதைப் பாக்க ஏலாமல்."

அவர் எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு நேரே கனகம்மா வீட்டுப் படலைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கனகம்மா அவரைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு எழும்பினாள். அந்தச் சாவுக்குப் பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று கதைத்ததை நான் கண்டதில்லை.

"தங்கச்சி, உரலைத் திருப்பிக் கொண்டு வாங்கோ" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணை" என்றாள். வாயசைவும் தலையாட்டலும் அவருக்கு விளங்கின.

"நிப்பாட்டாதேங்கோ. நான் எழும்பி ஓடுறது உங்களுக்குக் கரைச்சல்தான், எனக்குத் தெரியும். ஆனா சத்தம் கேட்டா நான் போய்ப் பாக்கோணும், தங்கச்சி. அண்டைக்கு நான் போய்ப் பாக்கேல்லை."

கனகம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவருக்கு அது கேட்டிராது. பார்த்துக்கொண்டு நின்றார்.

உரல் திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து கனகம்மா வேலியோரத்தில் இடித்தாள், அதுவும் அவர் எழும்பியிருக்கும் நேரத்தில். முதல் போடு விழுந்ததும் அவர் இருந்த இடத்தை விட்டு எழும்புவார். வீட்டைச் சுற்றிக் குசினிக்குப் போவார். பரலைப் பார்ப்பார். பிறகு வேலிப் பொட்டடிக்கு வந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார், ஒன்றுமில்லை என்பது போல. அந்தக் கையைக் கண்ட பிறகுதான் கனகம்மா அடுத்த போடு போடுவாள். இதை ஆரும் ஆருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுபாட்டில் வந்தது. மா இல்லாத காலம் போய்க் கடையில் மா வந்த பிறகும் கனகம்மா இடிப்பதை விடவில்லை. சில காலைகளில் உரலுக்குள் ஒரு பிடி அரிசிதான் இருக்கும்.

தாங்கி வேலையை விட்ட பிறகு அவர் நன்றாக மெலிந்துவிட்டார். நடையும் தளர்ந்தது. குசினிக்குப் போய் வேலிக்கு வர நேரம் எடுக்கும். உலக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கனகம்மா காத்து நிற்பாள்.

எண்பத்தோராம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை அவள் முதல் போடு போட்டாள். நின்றாள். பொட்டடியில் கை வரவில்லை. இன்னுமொரு போடு போட்டாள், பலமாக. கை வரவில்லை. உலக்கையை அப்படியே போட்டுவிட்டு, வயது போன காலத்தில், பொட்டுக்குள் குனியப் பொறுமையில்லாமல் வேலிக் கிடுகைப் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள்.

பாக்கியரத்தினம் குசினி வாசலில் குப்புறக் கிடந்தார். ஒரு கை பரல் பக்கமாக நீண்டிருந்தது. எழும்பி வந்துகொண்டிருந்த இடத்தில் நெஞ்சு நின்றிருக்கிறது. முதல் போட்டுக்கு வந்தாரா, இரண்டாவதற்கு வந்தாரா என்று கனகம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் சொல்லும் பௌதிகம் எனக்குத் தெரியாது.

அந்த இடத்திலேயே கனகம்மா கொட்டனை எடுத்துப் பரலில் அடித்தாள். புஸ்பராணிக்குப் பிறகு அந்தப் பரலில் ஆரும் தட்டியதில்லை. சிலீர் என்றும் தொம் என்றும் ஒழுங்கை முழுவதும் அது போனது. அன்றைக்கு அது வேறு ஆருக்கோ என்று ஒருவரும் இருக்கவில்லை. நான் சவரம் செய்துகொண்டிருந்த சோப்பு முகத்தோடு ஓடினேன். என் மனைவி அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். நல்லம்மா பெரிய றோட்டிலிருந்து ஓடி வந்தாள். எல்லாரும் வந்தோம்.

வந்து என்ன.